இதயத் தமனியில் சுண்ணாம்பு: எந்த ஸ்கேன், யாருக்கு?

பொங்கல் விழாவோ தீபாவளி விருந்தோ, நம் சங்கத்தில் நாற்பதைத் தாண்டிய ஆண்கள் நான்கு பேர் தட்டும் கையுமாக ஓரிடத்தில் நின்றால், முன்பெல்லாம் பேச்சு வீட்டுக் கடன் வட்டியைப் பற்றியோ கிரீன் கார்டைப் பற்றியோ இருக்கும். இப்போது "உங்க கால்சியம் ஸ்கோர் எவ்வளவு?" என்று கேட்டுக்கொள்கிறார்கள். ஒருவர் பூஜ்யம் என்று சொல்லிவிட்டு இன்னொரு வடையை எடுத்துக்கொள்கிறார். இன்னொருவர் 180 என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறார். மூன்றாமவர், "நான் மெட்ராஸ் போயிருந்தப்போ அறுபத்துநாலு ஸ்லைஸ் மெஷின்ல எடுத்தேன், உங்களுடையது எத்தனை ஸ்லைஸ்?" என்று கேட்டு இருவரையும் கலக்கிவிடுகிறார்.

இந்த இதழின் நலவாழ்வுப் பகுதியில் இந்தப் பேச்சையே எடுத்துக்கொள்கிறோம். எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எந்த மெஷின் உயர்ந்தது என்ற கேள்வி ஏறக்குறையத் தீர்ந்துபோன கேள்வி. ஸ்கேனை எப்படி எடுக்கிறார்கள், யாருக்கு எடுக்கிறார்கள், வந்த எண்ணை எந்த அட்டவணையில் வைத்துப் பார்க்கிறார்கள் என்பவைதாம் நம்மவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள். அதிலும் கடைசிக் கேள்வி நமக்கென்றே உள்ளது.

அதற்கு முன் பலர் மனதில் இருக்கும் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளிவிடுவோம். தமனியில் படியும் கால்சியம், குடிக்கும் பாலிலிருந்தோ கேழ்வரகுக் கூழிலிருந்தோ நேராகப் போய் ஒட்டிக்கொள்வதல்ல. "ஸ்கோர் வந்துவிட்டது, தயிரை நிறுத்திவிட்டேன்" என்பவர்கள் நிறுத்த வேண்டியது வேறு. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனிகளின் சுவருக்குள் ஆண்டுக்கணக்கில் கொழுப்பு சேர்கிறது. அங்கே அழற்சி உண்டாகிறது. உடம்பு அந்தப் புண்ணை ஆற்ற முயலும்போது காலப்போக்கில் அங்கே கால்சியம் இறுகுகிறது. ஆக, ஸ்கேன் படத்தில் வெள்ளையாகத் தெரியும் புள்ளி, நோய் வந்து போன இடத்தின் தழும்பு. தழும்பு இருந்தால் தமனியில் நோய் இருப்பது உறுதி. தழும்பு இல்லையென்றால் நோயே இல்லை என்பது அவ்வளவு உறுதியல்ல. இன்னும் இறுகாத மென்மையான கொழுப்புப் படிவுகள் இந்த ஸ்கேனில் தெரியாது.

இனி மெஷின் கதைக்கு வருவோம். இதயத்தைப் படம் பிடிப்பதில் உள்ள பெரிய தொல்லை, அது நமக்காக ஒரு நொடி கூட நிற்காது என்பதுதான். ஓடும் குழந்தையைப் பழைய கேமராவில் எடுத்தால் படம் கலங்கிப்போவது போல, எக்ஸ்ரே குழாய் நோயாளியைச் சுற்றிவரப் பல நொடிகள் எடுத்துக்கொண்ட ஆரம்பகால சி.டி. மெஷின்களில் இதயம் வெறும் புகைமூட்டமாகத்தான் தெரிந்தது. தமனியில் உள்ள மில்லிமீட்டர் அளவுப் புள்ளியை அதில் எங்கே தேடுவது?

இதற்கு வழி கண்டவர் டக்ளஸ் பாய்ட் என்ற இயற்பியலாளர். சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1970களின் இறுதியில் அவர் ஒரு புது யோசனையை முன்வைத்தார். எக்ஸ்ரே குழாயைச் சுற்ற வைப்பதால்தானே தாமதம்? அதைச் சுற்றவே வேண்டாம். எலெக்ட்ரான் கற்றையைக் காந்தத்தால் வளைத்து, நோயாளியைச் சூழ்ந்திருக்கும் டங்ஸ்டன் வளையங்களின் மேல் ஓட விட்டால், கற்றை படும் இடத்திலிருந்து எக்ஸ்ரே கிளம்பும். அசையும் உறுப்பு எதுவும் இல்லை. ஒரு படத்துக்கு 100 மில்லிநொடி, அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். இதுதான் எலெக்ட்ரான் கற்றை சி.டி. 1980களில் மருத்துவமனைகளுக்கு வந்த இந்த மெஷின்தான் துடிக்கும் இதயத்தில் கால்சியத்தை முதன்முதலாகத் தெளிவாக அளந்தது.

எண்ணாகச் சொல்லும் முறையை 1990இல் ஆர்தர் அகாட்ஸ்டன், வாரன் ஜானோவிட்ஸ் முதலிய மருத்துவர்கள் வகுத்தார்கள். (இந்த அகாட்ஸ்டன்தான் பின்னாளில் 'சவுத் பீச் டயட்' புத்தகம் எழுதிப் புகழ்பெற்றவர். நம் வீட்டு அலமாரிகளிலும் சில பிரதிகள் தூசி படிந்து கிடக்கும்.) கணக்கு மிக எளிது. படத்தில் 130 ஹௌன்ஸ்ஃபீல்ட் அலகுக்கு மேல் அடர்த்தியுள்ள புள்ளி ஒவ்வொன்றும் கால்சியம். அதன் பரப்பைச் சதுர மில்லிமீட்டரில் அளந்து, அடர்த்திக்கு ஏற்ப 1 முதல் 4 வரையுள்ள எண்ணால் பெருக்க வேண்டும். 5 சதுர மில்லிமீட்டர் புள்ளியின் உச்ச அடர்த்தி 350 என்றால் பெருக்கும் எண் 3. அந்தப் புள்ளிக்கு 15. எல்லாப் புள்ளிகளையும் கூட்டினால் வருவதுதான் விருந்தில் பேசப்படும் ஸ்கோர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அடர்த்தி கூடினால் ஸ்கோரும் கூடும்படி வகுத்தார்கள். ஆனால் 2014இல் வந்த ஓர் ஆய்வு, கால்சியத்தின் மொத்தக் கொள்ளளவு ஒரே அளவாக இருக்கும்போது, அடர்த்தி கூடியவர்களுக்கு ஆபத்து குறைவு என்று காட்டியது. கெட்டியாக இறுகிப்போன படிவு எளிதில் வெடிப்பதில்லை. அப்படியும் 1990இன் கணக்குதான் இன்றுவரை எல்லா மருத்துவமனைகளிலும் ஓடுகிறது. இத்தனை ஆண்டு ஆய்வுகளும் அந்த எண்ணின் மேல்தான் நிற்கின்றன. அளவுகோலை மாற்றினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

1990களின் இறுதியில் போட்டி வந்தது. எக்ஸ்ரே குழாய் சுற்றும் பழைய வகை சி.டி. மெஷின் வேகம் பெற்றது. ஒரே சுற்றில் ஒரு படத்துக்குப் பதிலாக 1998இல் 4 படங்கள். 2004இல் 64 படங்கள். இதைத்தான் ஸ்லைஸ் என்கிறோம். ஒரு சுற்றுக்கு நொடியில் மூன்றில் ஒரு பங்கு என்ற அளவுக்கு வேகம் வந்தது. இரண்டு எக்ஸ்ரே குழாய்கள் வைத்த மெஷின் வந்தபோது ஒரு படம் பிடிக்க 83 மில்லிநொடியே ஆனது. அதாவது எலெக்ட்ரான் கற்றையின் பழைய 100 மில்லிநொடியையும் அது தாண்டிவிட்டது. எலெக்ட்ரான் கற்றை மெஷின் இதயத்துக்கு மட்டுமே சிறப்பு, விலையும் அதிகம். பல்ஸ்லைஸ் மெஷினோ தலை, வயிறு, நுரையீரல், விபத்தில் அடிபட்டவர் என்று நாள் முழுவதும் உழைக்கும். எந்த மருத்துவமனை எதை வாங்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் இரண்டு முகாம்களுக்கும் இடையே பெரிய வாக்குவாதம் நடந்தது. "எங்கள் மெஷினில் எடுத்தால்தான் ஸ்கோர் நம்பகமானது" என்று எலெக்ட்ரான் கற்றைக்காரர்கள் வானொலியில் கூட விளம்பரம் செய்தார்கள். 2000களின் தொடக்கத்தில் இந்த நாட்டின் கடைவீதிகளில் முளைத்து மறைந்த ஸ்கேன் மையங்கள் பலருக்கு நினைவிருக்கும்.

இந்த வாக்குவாதத்தைத் தீர்த்துவைத்தது மெசா என்று சுருக்கமாக அழைக்கப்படும் பல்லின ஆய்வு. 2000இல் தொடங்கிய இந்த ஆய்வில், இதயநோய் அறிகுறி இல்லாத, 45 முதல் 84 வயது வரையுள்ள 6,814 அமெரிக்கர்கள் சேர்ந்தார்கள். ஆறு ஊர்களில் நடந்தது. மூன்று ஊர்களில் எலெக்ட்ரான் கற்றை மெஷின், மற்ற மூன்றில் பல்ஸ்லைஸ் மெஷின். ஒவ்வொருவரையும் அடுத்தடுத்து இரண்டு முறை ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டார்கள். 2005இல் வெளியான முடிவு: ஒரே ஆளை மறுபடி எடுத்தால் அதே ஸ்கோர் வருகிறதா என்ற சோதனையில் இரண்டு மெஷின்களும் சமம். அதே சமயம் இரண்டிலுமே முதல் ஸ்கேனுக்கும் அடுத்த ஸ்கேனுக்கும் சராசரியாகச் சுமார் 20 விழுக்காடு வேறுபாடு இருந்தது. போன தடவை 50, இந்தத் தடவை 58 என்று தூக்கம் கெட்டவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும். அது நோய் வளர்ந்ததாலும் இருக்கலாம், மூச்சை இழுத்து நிறுத்தியதில் இருந்த சின்ன வித்தியாசத்தாலும் இருக்கலாம்.

எலெக்ட்ரான் கற்றை மெஷின்களைத் தயாரித்த நிறுவனத்தை 2001இல் ஜி.ஈ. வாங்கியது, பின்னர் அந்த மெஷினின் தயாரிப்பே நின்றது. இன்று கால்சியம் ஸ்கேன் என்றால் நடைமுறையில் பல்ஸ்லைஸ் சி.டி.தான். கால்சியத்தை மட்டும் எண்ணுவதற்கு 64 ஸ்லைஸ் தாராளமாகப் போதும். 256, 320 என்று விளம்பரத்தில் வரும் எண்களுக்காகக் கூடுதலாக ஒரு டாலரும் கொடுக்க வேண்டியதில்லை என்பது எங்கள் எண்ணம். அடுத்த ஸ்கேன் என்று ஒன்று தேவைப்பட்டால் மட்டும், முடிந்தவரை அதே இடத்தில் எடுப்பது நல்லது. ஒரே இதயத்தை வெவ்வேறு கம்பெனி மெஷின்களில் வைத்து எடுத்தபோது ஸ்கோர் மாறியதை 2014இல் ஒரு சோதனைக்கூட ஆய்வு காட்டியிருக்கிறது.

மெஷினைவிட முக்கியம் எடுக்கும் முறை. சரியான கால்சியம் ஸ்கேனில் ஊசி இல்லை, சாய மருந்து இல்லை. மார்பில் ஈ.சி.ஜி. கம்பிகளை ஒட்டி, இதயம் சற்றே ஓய்ந்திருக்கும் கணத்தில் மட்டும் எக்ஸ்ரே பாயும்படி செய்கிறார்கள். பத்து நொடி மூச்சை அடக்கினால் வேலை முடிந்தது. இப்படி எடுத்தால் உடம்பில் படும் கதிர்வீச்சு சுமார் 1 மில்லிசீவர்ட். இந்த நாட்டில் வாழும் ஒருவர் மீது மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாக ஆண்டுக்குச் சுமார் 3 மில்லிசீவர்ட் படுகிறது; ஆக இது நான்கு மாதக் கணக்கு. ஆனால் இதே ஸ்கேனை எக்ஸ்ரேயை அணைக்காமல் தொடர்ந்து ஓடவிட்டும் எடுக்கலாம். 2009இல் வந்த ஓர் ஆய்வு பல்வேறு செய்முறைகளைக் கணக்கிட்டுப் பார்த்தது. அளவு 0.8இலிருந்து 10.5 மில்லிசீவர்ட் வரை இருந்தது! ஒரே பெயர், ஒரே ஸ்கோர், பத்து மடங்குக்கு மேல் வேறுபாடு. எனவே நேரம் குறிக்க ஃபோன் செய்யும்போது "எத்தனை ஸ்லைஸ்?" என்று கேட்பதற்குப் பதில், "ஈ.சி.ஜி.யோடு சேர்த்து எடுப்பீர்களா, டோஸ் எத்தனை மில்லிசீவர்ட்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத இடம் என்றால் வேறு இடம் பாருங்கள்.

மற்ற சோதனைகளோடு இதை ஒப்பிட்டுக் கேட்பவர்களும் உண்டு. ட்ரெட்மில் சோதனை, இரத்த ஓட்டம் தடைப்படும் அளவுக்குக் குழாய் சுருங்கிவிட்டதா என்று பார்க்கிறது. அது வேறு கேள்வி. ட்ரெட்மில்லில் பிரமாதமாக ஓடி முடித்தவருக்குச் சில மாதங்களில் மாரடைப்பு வருவது ஏன் என்றால், பாதி கூட அடைக்காத மென்மையான படிவு வெடித்தாலும் இரத்தம் உறைந்து குழாய் மூடிக்கொள்ளும். கழுத்துத் தமனியை அல்ட்ராசவுண்டில் அளப்பது, வீக்கம் காட்டும் சி.ஆர்.பி. இரத்தச் சோதனை, குடும்ப வரலாறு என்று ஆறு வகை அளவுகோல்களை மெசா ஆய்வாளர்கள் 2012இல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நடுத்தர ஆபத்துள்ளவர்களில் யாருக்கு இதயநோய் வரும் என்பதைப் பிரித்துச் சொல்வதில் கால்சியம் ஸ்கோர்தான் முதலில் நின்றது. ஸ்கோர் பூஜ்யமாக இருந்தவர்களோடு ஒப்பிட்டால், 101 முதல் 300 வரை இருந்தவர்களுக்கு ஆபத்து ஏழு மடங்குக்கும் மேல் என்று 2008இலேயே அதே ஆய்வு காட்டியிருந்தது. அதனால் இந்தச் சோதனையை வியாபாரம் என்று ஒரேயடியாக ஒதுக்குபவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை.

எங்களுக்கு உடன்பாடில்லாத இன்னொன்று, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மாஸ்டர் ஹெல்த் செக்கப்போடு சேர்த்துச் சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்துக்கொண்டு வருவது. இரண்டும் சி.டி. என்பதால் இரண்டும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். ஆஞ்சியோகிராமில் நரம்பில் அயோடின் கலந்த சாய மருந்து ஏற்றுகிறார்கள். குழாயின் உட்புறமே தெரிகிறது. மென்மையான படிவும் தெரிகிறது. நெஞ்சுவலியோடு மருத்துவரிடம் போனவருக்கு அது அருமையான சோதனை. ஸ்காட்லாந்தில் 4,146 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், அந்தச் சோதனையைச் சேர்த்துச் செய்தவர்களில் ஐந்து ஆண்டுகளில் மாரடைப்போ இதயநோய் மரணமோ நேர்ந்தது 2.3 விழுக்காடு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 3.9 விழுக்காடு. ஆனால் அவர்கள் நெஞ்சுவலி உள்ளவர்கள். எந்த வலியும் இல்லாதவர் தள்ளுபடி விலையில் கிடைக்கிறதே என்று எடுத்துக்கொள்வதற்கு அந்த முடிவு சாட்சியாகாது. சாய மருந்து சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குத் தொல்லை. நம்மிடையே சர்க்கரை நோயாளிகள் எத்தனை பேர்! கதிர்வீச்சும் கூடுதல். 2007இல் 50 மையங்களில் கணக்கெடுத்தபோது நடுவளவு 12 மில்லிசீவர்ட். இன்றைய நல்ல மையங்களில் அது வெகுவாகக் குறைந்துவிட்டது, ஆனால் பழைய மெஷின் இருக்கும் இடத்தில் என்ன டோஸ் என்று யார் கேட்கிறார்கள்?

இப்போது நமக்கென்று உள்ள கேள்விக்கு வருவோம். மெசாவில் நான்கு இனத்தவர் இருந்தார்கள்: வெள்ளையர், கறுப்பர், ஹிஸ்பானியர், சீனர். நாம் இல்லை. தெற்காசியர் ஒருவர் கூட அந்தப் பட்டியலுக்குள் ஒரு பிரிவாக இடம்பெறவில்லை. 'உங்கள் வயதில் உள்ளவர்களில் நீங்கள் எத்தனையாவது இடத்தில் இருக்கிறீர்கள்' என்று சொல்லும் கணிப்பான் அந்த ஆய்விலிருந்துதான் வந்தது. அதில் நம் மருத்துவர் நம்மை எந்தக் கட்டத்தில் போடுவார்? சீனர் என்றா? வெள்ளையர் என்றா? கட்டம் மாறினால் இடமும் மாறும். 'உங்கள் வயதுக்குச் சாதாரணம்' என்று அறிக்கையில் எழுதியிருந்தால், யாரோடு ஒப்பிட்டு என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இந்தக் குறையை உணர்ந்துதான் 2010இல் மசாலா என்ற ஆய்வு தொடங்கியது. பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். அமெரிக்காவில் வாழும் தெற்காசியர்களின் தமனி நோய் பற்றிய ஆய்வின் ஆங்கிலச் சுருக்கம் அப்படி அமைந்துவிட்டது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலும் சிகாகோவிலும் 906 பேர் முதலில் சேர்ந்தார்கள். 2014இல் அவர்களுடைய கால்சியத்தை மெசாவின் நான்கு இனங்களோடு ஒப்பிட்டபோது தெரிந்தது: தெற்காசிய ஆண்களின் கால்சியம் வெள்ளை ஆண்களுக்கு நிகராகவும் மற்ற மூன்று இனத்தாரைவிட அதிகமாகவும் இருந்தது. வெள்ளையர்தான் அந்த நான்கில் மிக அதிகம் உள்ளவர்கள். ஆகவே நம் ஆண்களைப் பொறுத்தவரை வெள்ளையர் கட்டத்தில் வைத்துப் பார்ப்பதே நேர்மைக்கு அருகில் வரும். பெண்களின் நிலை வேறு. எழுபது வயதுக்கு முன்பு நம் பெண்களின் கால்சியம் மற்ற இனப் பெண்களைவிட அதிகமில்லை. அது நல்ல செய்திதான். ஆனால் "எனக்கென்ன, அவரைப் பாருங்கள்" என்று தன் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கவனிக்காமல் விடும் அம்மாக்களுக்கு அதை ஒரு சாக்காகக் கொடுக்க மாட்டோம்.

பூஜ்யம் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். மெசாவில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் பூஜ்யம்தான் வந்தது. அடுத்த பத்து ஆண்டுகளில் அவர்களில் மிகச் சிலருக்கே இதயநோய் வந்தது. அறுபது வயதில் பூஜ்யம் என்றால் மகிழ்ச்சி அடையலாம். நாற்பத்திரண்டு வயதில் பூஜ்யம் என்பது வேறு. தழும்பு இறுகுவதற்கே ஆண்டுகள் ஆகும். உலகம் முழுவதும் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் தெற்காசியப் பகுதி 2007இல் வெளியானது. இந்தியா, இலங்கை உள்ளிட்ட ஐந்து நாடுகளில் முதல் மாரடைப்பு வந்தவர்களின் சராசரி வயது 53. மற்ற நாடுகளில் சுமார் 59. ஆறு ஆண்டு முன்னதாகவே வருகிறது. நம் சங்கங்களில் இரங்கல் குறிப்பு எழுதியவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. முன்னதாக வரும் நோயில், தாமதமாகத் தெரியும் தழும்பைத் தேடுகிறோம் என்பதை மறக்கக் கூடாது. அதனால் இளம் வயதில் பூஜ்யம் வந்தவர் கொலஸ்ட்ரால் மாத்திரையைத் தானாக நிறுத்திக்கொள்வது ஆபத்து.

அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த விஷயத்தை நிதானமாகவே அணுகியது. பத்து ஆண்டு ஆபத்து 7.5 விழுக்காட்டுக்கும் 20 விழுக்காட்டுக்கும் இடையே இருந்து, ஸ்டாடின் மாத்திரை தொடங்கலாமா வேண்டாமா என்று மருத்துவரும் நோயாளியும் தயங்கினால், அப்போது ஸ்கேன் எடுக்கலாம். பூஜ்யம் என்றால் மாத்திரையைத் தள்ளிப்போடலாம். ஆனால் சர்க்கரை நோயாளிகள், புகைப்பவர்கள், அப்பா அண்ணன்மாருக்கு இளவயதிலேயே மாரடைப்பு வந்த குடும்பத்தினர் ஆகியோருக்கு இந்தச் சலுகை இல்லை. 100க்கு மேல் என்றால் மாத்திரை நல்லது. அதே வழிகாட்டுதல் தெற்காசியப் பிறப்பையே ஆபத்தைக் கூட்டும் காரணிகளில் ஒன்றாகச் சேர்த்தது. சாதாரண மருத்துவப் பரிசோதனைக்குப் போகும்போது இதை நாமே நினைவூட்டலாம். சில மருத்துவர்கள் கணினியில் வரும் விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் மறைக்கக் கூடாது. எல்லோரையும் கூப்பிட்டு ஸ்கேன் எடுத்தால் உயிர்கள் காப்பாற்றப்படுமா? டென்மார்க்கில் 65 முதல் 74 வயது வரையுள்ள 46,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் இதைச் சோதித்தார்கள். கால்சியம் ஸ்கேன் உள்ளிட்ட பரிசோதனைகளுக்கு அழைக்கப்பட்டவர்களுக்கும் அழைக்கப்படாதவர்களுக்கும் இடையே, ஐந்தரை ஆண்டுகளுக்குப் பிறகு மரண விகிதத்தில் உறுதியாகச் சொல்லும்படியான வேறுபாடு இல்லை என்று 2022இல் அறிவித்தார்கள். இங்குள்ள அரசு ஆலோசனைக் குழுவும் 2018இல் ஆதாரம் போதவில்லை என்றே சொன்னது. நுரையீரலின் ஒரு பகுதியும் இந்தப் படத்தில் விழுவதால், அதில் ஏதாவது ஒரு சிறு முடிச்சு தெரிந்து, அதைத் துரத்திக்கொண்டு மேலும் இரண்டு ஸ்கேன், ஆறு மாதக் கவலை என்று போனவர்களும் உண்டு.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது எங்கள் முடிவு இது. நாற்பதுகளின் நடுவிலிருந்து எழுபது வரை வயதுள்ள, நெஞ்சுவலி போன்ற அறிகுறி இல்லாத, கொலஸ்ட்ராலோ இரத்த அழுத்தமோ சற்றே கூடியிருந்து "மாத்திரை வேண்டுமா, இன்னும் கொஞ்சம் நடந்து பார்க்கலாமா" என்று ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கும் நம்மவர் ஒருவர், தன் மருத்துவரிடம் பேசி, ஒரே ஒரு முறை இந்த எளிய ஸ்கேனை எடுப்பது நியாயம். நம் ஊர்க்காரர்களுக்கு எண்ணைக் காட்டினால்தான் காரியம் நடக்கும் என்பதும் ஒரு காரணம். தன் தமனியிலேயே வெள்ளைப் புள்ளியைப் பார்த்த பிறகு, சோற்றுத் தட்டைச் சிறிதாக்கியவர்களை அறிவோம். ஏற்கெனவே ஸ்டாடின் சாப்பிடுகிறவர், ஸ்டென்ட் வைத்தவர், எப்படியும் மாத்திரை தேவை என்று தெரிந்த சர்க்கரை நோயாளி ஆகியோருக்கு இந்த எண் புதிதாக எதையும் சொல்லப்போவதில்லை. நெஞ்சில் பாரமோ வலியோ வந்தால் கூப்பிட வேண்டிய எண் 911. அப்போது ஸ்கேன் மையத்தில் நேரம் குறிக்கக் கூடாது.

கோடையில் வந்து தங்கும் அப்பா அம்மாவுக்கும் ஒன்று எடுத்துவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: எழுபத்தைந்து வயதில் ஸ்கோர் சில நூறு வருவது சாதாரணம். அதைப் பார்த்து அவர்களும் பயந்து, நாமும் பயந்து, பயணக் காப்பீட்டில் வராத செலவைத் தலையில் கட்டிக்கொள்வதைவிட, அவர்களுடைய இரத்த அழுத்த மாத்திரை தீராமல் பார்த்துக்கொள்வது மேல்.

ஸ்டாடின் தொடங்கிய பிறகு ஆண்டுதோறும் ஸ்கேன் எடுத்து "ஸ்கோர் இறங்கவில்லையே" என்று மாத்திரையை நிறுத்தியவர்களும் உண்டு. இறங்காது. மென்மையான படிவை இறுக வைப்பதும் அந்த மாத்திரையின் வேலைகளில் ஒன்று; அதனால் ஸ்கோர் சற்று ஏறவும் கூடும். மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்க எல்.டி.எல். இரத்தச் சோதனை இருக்கிறது. மிச்சமாகும் பணத்தில் லைப்போபுரோட்டீன் ஏ என்ற இரத்தச் சோதனையை வாழ்நாளில் ஒரு முறை செய்துகொள்ளலாம். பரம்பரையாக வருவது, சாதாரண கொலஸ்ட்ரால் சோதனையில் தெரியாது. பூஜ்யம் வந்தவர் மறுபடி ஸ்கேன் பற்றி யோசிக்க ஐந்து முதல் பத்து ஆண்டுகள் ஆகட்டும்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான காப்பீட்டுத் திட்டங்கள் இதற்குப் பணம் தருவதில்லை. கையிலிருந்து 100 முதல் 400 டாலர் வரை ஆகலாம். சில மருத்துவமனைகளில் 100க்கும் குறைவு. டெக்சாஸில் 2009இல் ஒரு சட்டம் வந்தது: குறிப்பிட்ட ஆபத்துள்ள, 45 முதல் 76 வயது வரையுள்ள ஆண்களுக்கும் 55 முதல் 76 வரையுள்ள பெண்களுக்கும், ஐந்தாண்டுக்கு ஒரு முறை 200 டாலர் வரை காப்பீட்டு நிறுவனம் தர வேண்டும். ஹூஸ்டன், டாலஸ் அன்பர்கள் கேட்டுப் பாருங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் இன்னொன்றும் செய்யலாம். நிமோனியா, விபத்து, நீண்ட இருமல் என்று ஏதோ ஒரு காரணத்துக்காகச் சில ஆண்டுகளுக்குள் மார்பு சி.டி. எடுத்திருந்தால், அந்த அறிக்கையைத் தேடி எடுங்கள். ஈ.சி.ஜி. இல்லாமல் எடுத்த படத்தில் சிறு புள்ளிகள் தப்பிவிடக் கூடும். ஆனால் பெரிய படிவுகள் தெளிவாகவே தெரியும். கதிரியக்க மருத்துவர்களின் அமைப்புகள் 2016இலிருந்தே இதை அறிக்கையில் குறிப்பிடும்படி சொல்லிவருகின்றன. 'கரோனரி தமனியில் கால்சியம் காணப்படுகிறது' என்ற ஒரு வரி மூன்றாம் பக்கத்தில் யாரும் படிக்காமல் கிடந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போங்கள். எழுதியிருக்காவிட்டால், பழைய படத்தை மறுபடி பார்த்துச் சொல்லும்படி கேட்கலாம்.